தொடக்கப் பள்ளிக் கணினி அறைக்கு லினக்ஸ்: ஒரு சர்வரும் பன்னிரண்டு பழைய பெட்டிகளும்

ஒரு தொடக்கப் பள்ளிக்குப் பன்னிரண்டு பழைய கணினிகள் நன்கொடையாக வந்து சேர்ந்திருக்கின்றன என்று வைத்துக்கொள்வோம். சிலவற்றில் ஹார்டு டிஸ்க் இல்லை, சிலவற்றில் இருந்தும் பயனில்லை. இயங்குகிற நான்கைந்திலும் ஆளுக்கொரு விண்டோஸ், ஆளுக்கொரு வைரஸ். இவற்றைக் கவனிக்கத் தனியாகக் கணினி ஆசிரியர் ஒருவர் பெரும்பாலும் தொடக்கப் பள்ளிகளில் இருப்பதில்லை. நான்காம் வகுப்பை நடத்துகிறவரே மதிய இடைவேளையில் இதையும் பார்த்துக்கொள்வார். அவரால் பன்னிரண்டு கணினிகளைப் பராமரிக்க முடியாது. ஆனால் ஒன்றைப் பராமரிக்க முடியும். எல்டிஎஸ்பி என்று சுருக்கமாக அழைக்கப்படும் லினக்ஸ் டெர்மினல் சர்வர் புராஜெக்ட் செய்வது இவ்வளவுதான்: ஒரே ஒரு சர்வரில் இயங்குதளத்தையும் கல்வி மென்பொருள்களையும் நிறுவிவிட்டால், மற்றக் கணினிகள் எல்லாம் நெட்வொர்க் கேபிள் வழியாக அதையே எடுத்துக்கொண்டு இயங்கும். அவற்றுக்குள் எதையும் நிறுவ வேண்டியதில்லை.

ஜிம் மெக்குவிலன் 1999இல் தொடங்கிய இத்திட்டம், 2019இல் கிரேக்க நாட்டுப் பள்ளிகளின் கணினி அறைகளில் பணியாற்றிய அல்கிஸ் கியோர்கோபூலோஸ் என்பவரால் முதலிலிருந்து புதிதாக எழுதப்பட்டது. இணையத்தில் கிடைக்கும் பழைய வழிகாட்டிகள் பல எல்டிஎஸ்பி 5 என்னும் முந்தைய பதிப்பைப் பற்றியவை. அவற்றின் கட்டளைகள் புதியதில் செல்லாது. புதியவர்கள் வழிதவறும் முதல் இடம் இதுவே என்பதால் முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். இன்னொன்று: கட்டளைகளை இங்கே ஒலிப்பின்படி தமிழில் எழுதியிருக்கிறேன், டெர்மினலில் அவற்றை ஆங்கிலச் சிறிய எழுத்துகளில், முன்னால், நிர்வாகி உரிமையோடு ஓட்டச் சொல்லும் சூடோ என்ற சொல்லையும் சேர்த்துத் தட்ட வேண்டும்.

மென்பொருள் எங்கே ஓடுகிறது?

வேலையைத் தொடங்கும் முன் இந்த ஒரு கேள்விக்கு விடை தெரிந்திருக்க வேண்டும். பழைய முறையில் தின் கிளையன்ட் என்றால், மென்பொருள் முழுவதும் சர்வரிலேயே ஓடும். மாணவர் முன்னால் இருக்கும் பெட்டிக்குத் திரையின் படம் மட்டுமே வந்து சேரும். கடிதம் தட்டச்சு செய்யும் அலுவலகத்துக்கு இது போதும். பிள்ளைகளுக்கான மென்பொருள்களோ இடைவிடாமல் அசைகிற படங்களும் ஒலியும் கொண்டவை. கணக்குப் போட்டுப் பாருங்கள்: 1024க்கு 768 என்ற சிறிய திரையின் ஒரு முழுப் படம் சுமார் 2.4 மெகாபைட், நொடிக்குப் பதினைந்து படங்கள் என்றால் 35 மெகாபைட்டுக்கு மேல் ஆகிறது. 100 மெகாபிட் நெட்வொர்க்கில் நொடிக்குப் பன்னிரண்டு மெகாபைட் போவதே பெரிது. கிகாபிட் கேபிளில்கூட இப்படி நான்கு பிள்ளைகள் சேர்ந்து விளையாடினால் வழி அடைத்துக்கொள்ளும்.

ஆகவே புதிய எல்டிஎஸ்பி வேறு வழியில் போகிறது. கிளையன்ட் கணினி, அதாவது மாணவர் முன்னால் இருக்கும் பெட்டி, நெட்வொர்க் வழியாகத் துவங்கினாலும், மென்பொருளைத் தன் சொந்தப் பிராசஸரிலும் தன் சொந்த ரேமிலும்தான் ஓட்டுகிறது. சர்வர் ஒரு பொது ஹார்டு டிஸ்க்கைப் போல நடந்துகொள்கிறது. பழக்கம் காரணமாக இதையும் தின் கிளையன்ட் என்றே பலர் சொல்கிறார்கள், சொல்லிவிட்டுப் போகட்டும். நீங்கள் கவனிக்க வேண்டியது, கிளையன்டுக்கும் ஓரளவு வலு தேவை என்பதைத்தான். 64 பிட் பிராசஸரும் 2 ஜிபி ரேமும் இருந்தால் கீழே சொல்லும் மென்பொருள்கள் ஓடும். 4 ஜிபி இருந்தால் பிரவுசரையும் நிம்மதியாகத் திறக்கலாம். 2 ஜிபிக்கும் குறைந்த பெட்டிகளை வற்புறுத்தி ஓட வைப்பதைவிட, அவற்றின் ரேமைக் கழற்றி மற்றவற்றில் போடுவது நல்லது.

சர்வருக்குப் பெரிய இயந்திரம் வேண்டியதில்லை. 8 ஜிபி ரேம், ஒரு எஸ்எஸ்டி, கிகாபிட் நெட்வொர்க் கார்டு ஆகியவை உள்ள சாதாரண மேசைக் கணினி பதினைந்து கிளையன்ட்டுகளுக்குப் போதும். ஹார்டு டிஸ்க் வைத்துச் சமாளிக்கலாம் என்று தோன்றும். காலையில் பன்னிரண்டு கணினிகளையும் ஒரே நேரத்தில் போட்டுப் பார்த்தால் அந்த எண்ணம் மாறிவிடும்.

கம்பியும் சுவிட்சும்

நான் பார்த்தவரையில், சரியாக ஓடாத கணினி அறைகளில் பெரும்பாலானவற்றின் குறை லினக்ஸில் இல்லை, கேபிள்களை ஒன்றிணைக்கும் நெட்வொர்க் சுவிட்சிலும் கேபிளிலும் இருந்தது. வைஃபை வழியாக இந்த முறையில் கணினியைத் துவக்க இயலாது. ஒவ்வொரு மேசைக்கும் கேபிள் போயாக வேண்டும். கேட் 5இ வகைக் கேபிள் போதும். சுவிட்ச் மட்டும் எல்லா போர்ட்டிலும் கிகாபிட் வேகம் உள்ளதாக இருக்க வேண்டும்.

ஒரு பள்ளியில் பதினொரு கணினிகள் ஒன்றரை நிமிடத்துக்குள் துவங்க, ஒன்று மட்டும் ஏழெட்டு நிமிடம் எடுத்துக்கொண்டது. ரேமை மாற்றினேன், நெட்வொர்க் கார்டை மாற்றினேன், பாதி நாள் போனது. கடைசியில் அந்தக் கேபிளை எடுத்துப் பார்த்தபோது, அதன் முனையில் பிளக்கைப் பொருத்தும் கிரிம்பிங் வேலையைச் செய்தவர் எட்டுக் கம்பிகளில் நான்கை மட்டும் சரியாகப் பொருத்தியிருந்தது தெரிந்தது; கிகாபிட் வேகத்துக்கு எட்டும் வேண்டும், நான்கில் 100 மெகாபிட்தான் ஓடும். அன்றிலிருந்து, கேபிளைச் செருகியவுடன் சுவிட்சில் எந்த நிற விளக்கு எரிகிறது என்பதைப் பார்த்துவிட்டுத்தான் அடுத்த மேசைக்குப் போகிறேன். பல சுவிட்சுகளில் இரண்டு வேகங்களுக்கும் வெவ்வேறு நிறம் இருக்கும்.

மேனேஜ்டு சுவிட்ச், அதாவது அமைப்புகளை நாமே மாற்றக்கூடிய சுவிட்ச், யாராவது கொடுத்தால் மகிழ்ச்சியோடு வாங்கிக்கொள்ளலாம், ஆனால் அதில் கேபிள்கள் வளையமாக இணைந்துவிடாமல் காக்கும் ஸ்பானிங் ட்ரீ என்ற அமைப்பு இயங்கிக்கொண்டிருந்தால், போர்ட் விழித்துக்கொள்வதற்குள் கிளையன்ட் பொறுமை இழந்து, துவக்கக் கோப்பு கிடைக்கவில்லை என்று கைவிரித்துவிடும். சாதாரண சுவிட்சில் இந்தத் தொல்லை கிடையாது.

சர்வருக்கும் சுவிட்சுக்கும் ஒரு யுபிஎஸ் அவசியம். கிளையன்ட்டுகளுக்கு இல்லாவிட்டாலும் பாதகமில்லை. அவற்றில் இழப்பதற்கு எதுவும் இல்லை.

சர்வரை நிறுவுதல்

லினக்ஸ் வகைகளான டெபியன் 11, உபுண்டு 20.04 ஆகியவற்றிலிருந்து புதிய எல்டிஎஸ்பி அவற்றின் சொந்தக் களஞ்சியத்திலேயே கிடைக்கிறது. இரண்டில் எதை எடுத்தாலும் பிழையில்லை. நான் டெபியனைத் தேர்ந்தெடுக்கிறேன், ஏனென்றால் உபுண்டுவில் ஃபயர்ஃபாக்ஸ் போன்றவை ஸ்னாப் என்னும் தனி வகைப் பொதிகளாக வருகின்றன. பயனரின் ஹோம் கோப்புறை வேறொரு கணினியில் இருக்கும்போது ஸ்னாப் முரண்டு பிடிக்கிறது. டெஸ்க்டாப்புக்கு மேட்டே அல்லது எக்ஸ்எஃப்சிஇ. இரண்டும் இலகுவானவை.

வழக்கம்போல டெபியனை நிறுவி, இணைய இணைப்பைக் கொடுத்து, டெபியனின் நிறுவல் கருவியான ஏபிடி வழியாக எல்டிஎஸ்பி, ஐபிஎக்ஸ்இ, டிஎன்எஸ்மாஸ்க், என்எஃப்எஸ் கர்னல் சர்வர், ஓப்பன்எஸ்எஸ்எச் சர்வர், ஸ்குவாஷ்எஃப்எஸ் டூல்ஸ், எத்டூல், எபோப்டெஸ் ஆகிய பொதிகளை நிறுவிக்கொள்ளுங்கள். இவற்றில் எத்டூல் எதற்கு என்று கேட்கலாம். சர்வர் கிகாபிட்டிலும் ஒரு பழைய கிளையன்ட் 100 மெகாபிட்டிலும் இருந்தால், ஃப்ளோ கன்ட்ரோல் என்னும் ஏற்பாட்டினால் அந்த ஒரு பெட்டிக்காக மற்ற எல்லாப் பெட்டிகளும் காத்துக் கிடக்க நேரலாம். அதை நிறுத்தி வைக்க எல்டிஎஸ்பி இந்தக் கருவியைப் பயன்படுத்துகிறது.

கல்வி மென்பொருள்கள், தமிழ் எழுத்துருக்கள், தமிழில் தட்டச்சு செய்ய உதவும் ஐபஸ், எம்17என் உள்ளீட்டு முறை எல்லாவற்றையும் இப்போதே சர்வரில் நிறுவி, சர்வரின் திரையிலேயே ஒவ்வொன்றையும் திறந்து பார்த்துவிடுங்கள். சர்வர் எப்படி இருக்கிறதோ அப்படியே கிளையன்ட்டுகளும் இருக்கப் போகின்றன. சர்வரில் திறக்காத மென்பொருள் அங்கேயும் திறக்காது.

ஐந்து கட்டளைகள்

எல்டிஎஸ்பி டிஎன்எஸ்மாஸ்க் என்பது முதல் கட்டளை. கிளையன்ட் கணினி விழித்தெழுந்து, நான் எங்கிருந்து துவங்குவது என்று நெட்வொர்க்கில் கேட்கும்போது பதில் சொல்லும் சேவையை இது அமைக்கிறது. பள்ளியில் ஏற்கெனவே ஒரு ரௌட்டர் ஐபி முகவரி கொடுத்துக்கொண்டிருந்தால், அதோடு மோதாமல், துவக்கத் தகவலை மட்டும் தானாகச் சேர்த்துச் சொல்வதே இதன் இயல்பான நடத்தை. சர்வரில் இரண்டு நெட்வொர்க் கார்டுகள் இருந்தால் ஒன்றை ரௌட்டருக்கும் மற்றதைக் கணினி அறையின் சுவிட்சுக்கும் பிரித்துக் கொடுத்து, உள்பக்கக் கார்டுக்கு 192.168.67.1 என்ற முகவரியை இடலாம். தலைமையாசிரியர் அறையில் இருக்கும் கணினி தவறுதலாக இந்த வலையில் விழாமல் இருக்க இரண்டாவது முறையே நல்லது.

எல்டிஎஸ்பி இமேஜ் என்று தட்டி, ஓர் இடைவெளி விட்டு, ஒரு சாய்கோட்டையும் இடுவது இரண்டாவது கட்டளை. இது சர்வரின் இயங்குதளம் முழுவதையும், பயனர்களின் சொந்தக் கோப்புகளை விட்டுவிட்டு, ஒரே சுருக்கப்பட்ட கோப்பாக மாற்றுகிறது. சில நிமிடங்கள் ஆகும். சர்வரில் புதிய மென்பொருளைச் சேர்த்தாலோ பழையதைப் புதுப்பித்தாலோ, இதை மறுபடி ஓட்டினால்தான் கிளையன்ட்டுகளுக்கு அது போய்ச் சேரும். முந்தைய இமேஜ் கோப்பு, ஓல்ட் என்ற பின்னொட்டோடு அதே கோப்புறையில் பத்திரமாக இருக்கும். புதியது சரிவரவில்லை என்றால் பெயரை மாற்றிப் பழையதற்கே திரும்பிவிடலாம். பிள்ளைகள் வகுப்பில் இருக்கும்போது இந்தக் கட்டளையைத் தொடாதீர்கள்.

மூன்றாவது எல்டிஎஸ்பி ஐபிஎக்ஸ்இ, நான்காவது எல்டிஎஸ்பி என்எஃப்எஸ். முதலாவது துவக்கப் பட்டியலை உருவாக்குகிறது, அடுத்தது இமேஜைப் பகிர்கிறது. இரண்டையும் ஒருமுறை ஓட்டினால் பெரும்பாலும் திரும்பத் தொட வேண்டியதில்லை.

ஐந்தாவதான எல்டிஎஸ்பி இனிட்ஆர்டி என்ற கட்டளையிடம்தான் எல்லாரும் மாட்டிக்கொள்கிறார்கள். பயனர் பட்டியல், அமைப்புக் கோப்பு, சர்வரை அடையாளம் காட்டும் எஸ்எஸ்எச் சாவி ஆகியவற்றை ஒரு சிறு கோப்பாகக் கட்டி, கிளையன்ட் துவங்கும்போதே அதன் கையில் கொடுப்பது இதன் வேலை. ஆகவே புதிய மாணவருக்குக் கணக்குத் தொடங்கினாலும், அமைப்புக் கோப்பில் ஓர் எழுத்தை மாற்றினாலும், எல்டிஎஸ்பி பொதியைப் புதுப்பித்தாலும் இதை மறுபடி ஓட்டி, கிளையன்ட்டுகளை மறுபடி துவக்க வேண்டும். ஒரு ஜூன் மாதத்தில் மூன்றாம் வகுப்புக்குப் புதிதாக வந்த இருபத்தெட்டுப் பிள்ளைகளுக்கும் கணக்குத் தொடங்கி, கடவுச்சொல்லைச் சிறு அட்டைகளில் எழுதிக் கையில் கொடுத்த ஆசிரியை ஒருவர், ஒருவருக்கும் உள்ளே போக முடியாமல் எனக்குத் தொலைபேசியில் அழைத்தார். சர்வரில் அதே கணக்குகள் குறையில்லாமல் திறந்தன. கட்டளையை அவர் தட்டி, கணினிகளை மறுபடி போட்டதும் எல்லாம் திறந்துகொண்டது. இப்போது அந்த அறையின் சுவரில், கணக்குத் தொடங்கினால் இனிட்ஆர்டி என்று சிவப்பு மையில் எழுதி ஒட்டியிருக்கிறது.

கிளையன்ட்டைத் துவக்குதல்

கிளையன்டின் பயாஸ் அமைப்புக்குள் போய், நெட்வொர்க் வழியே துவங்குவதை முதல் வரிசையில் வையுங்கள். பல கணினிகளில் எஃப்12 விசை அந்தப் பட்டியலைக் காட்டும். புதிய வகைக் கணினி என்றால் செக்யூர் பூட் என்பதை அணைக்க வேண்டும். ஹார்டு டிஸ்க் இருந்தால் அதன் கேபிளைக் கழற்றிவிடுவதே என் வழக்கம். சத்தமும் குறையும், மின்சாரமும் குறையும், தப்பித் தவறிப் பழைய விண்டோஸ் தலைகாட்டாது.

துவங்கிய பிறகு மாணவர் செய்யும் மாற்றங்களில், தன் ஹோம் கோப்புறைக்குள் சேமித்தவை மட்டும் சர்வரில் நிலைக்கும். வேறெங்காவது எதையாவது அழித்தாலும் மாற்றினாலும் அது கிளையன்டின் ரேமில் தங்கி, அணைத்தவுடன் மறைந்துவிடும். ஒரு பிள்ளை என்ன குளறுபடி செய்தாலும், மறுபடி போட்டால் கணினி காலையில் இருந்தபடியே வந்து நிற்கும்.

கணக்குகளும் சிறிய வகுப்புகளும்

மூன்று முதல் ஐந்தாம் வகுப்பு வரையிலான பிள்ளைகளுக்கு ஆளுக்கொரு கணக்குக் கொடுங்கள். தன் படம் தனக்கே என்று இருப்பதில் அவர்களுக்கு ஒரு பெருமை உண்டு. ஒன்றாம், இரண்டாம் வகுப்புகளிலோ ஆங்கில எழுத்துகளைத் தேடித் தேடிக் கடவுச்சொல் தட்டுவதற்குள் பாடவேளையே முடிந்துவிடும். அவர்களுக்காகக் கணினிக்கு ஒன்றாகப் பொதுக் கணக்கு வைத்து, தானாக உள்நுழையும்படி செய்யலாம்.

இதற்கான இடம் எட்சி கோப்புறைக்குள் எல்டிஎஸ்பி என்னும் உட்கோப்புறையில் உள்ள எல்டிஎஸ்பி டாட் கான்ஃப் என்னும் அமைப்புக் கோப்பு. அதில் ஒவ்வொரு கிளையன்டின் மேக் முகவரியையும், அதாவது அதன் நெட்வொர்க் கார்டுக்கே உரிய எண்ணையும், சதுர அடைப்புக்குறிக்குள் தலைப்பாக எழுதி, கீழே ஹோஸ்ட்நேம் என்ற வரியில் ஒரு பெயரைக் கொடுங்கள். அதே பெயரைப் பெட்டியின் நெற்றியிலும் ஒட்டிவிடுங்கள். ஆட்டோலாகின் வரியில் எந்தக் கணக்கு என்பதையும், பாஸ்வேர்ட்ஸ் என்று தொடங்கும் வரியில் அதன் கடவுச்சொல்லை பேஸ்64 வடிவத்திலும் எழுத வேண்டும். பேஸ்64 என்பது பூட்டு அல்ல, வெறும் மூடி. யாரும் திறந்து படிக்கலாம். ஆசிரியரின் கடவுச்சொல்லை அதில் எழுதிவிடாதீர்கள். ரீலாகின் என்பதைச் சுழியமாக வைத்தால், தானாக உள்நுழைவது முதல்முறை மட்டுமே நடக்கும்; பெரிய வகுப்பு வரும்போது வெளியேறிவிட்டுத் தங்கள் பெயரில் நுழைந்துகொள்வார்கள்.

என்ன மென்பொருள், எப்படிக் கட்டுப்படுத்துவது

2000ஆம் ஆண்டில் புருனோ கூடுவான் தொடங்கிய ஜிகாம்ப்ரி இன்று கேடிஇ என்னும் கட்டற்ற மென்பொருள் குடும்பத்தைச் சேர்ந்தது. இரண்டு வயது முதல் பத்து வயது வரையிலான பிள்ளைகளுக்கென்று நூற்றுக்கும் மேற்பட்ட பயிற்சிகள் அதில் இருக்கின்றன. அதன் பலத்தை அறிய ஒன்றாம் வகுப்பில் முதல் நாள் போய் உட்கார வேண்டும். மவுஸையே பிடித்திராத ஒரு பிள்ளைக்கு, அசைத்தாலே திரையை மூடியிருக்கும் கட்டங்கள் விலகி அடியில் இருக்கும் படம் தெரிகிற பயிற்சியைத் திறந்து கொடுங்கள். முதலில் மவுஸ் மேசையின் விளிம்பைத் தாண்டித் தொங்கும். பிள்ளை எழுந்து நின்று கையை நீட்டும். சற்று நேரத்தில், மவுஸைத் தூக்கி மறுபடி நடுவில் வைத்துக்கொள்ளலாம் என்பதைத் தானே கண்டுபிடித்துவிடும். அடுத்துத் தொட்டியில் நீந்தும் மீன்களைச் சொடுக்கிப் பிடிக்கும் பயிற்சி. எழுத்தும் எண்ணும் அதற்கப்புறம்.

ஜிகாம்ப்ரியில் மூன்று விஷயங்களைக் கவனிக்க வேண்டும். பழைய கிராஃபிக்ஸ் உள்ள கணினியில் திரை கருப்பாக நின்றால், சாஃப்ட்வேர் ரெண்டரர் என்ற தேர்வோடு அதைத் துவக்க வேண்டும். குரல் கோப்புகளை இணையத்திலிருந்து அதுவாகவே இறக்கிக்கொள்ள முயலும். பன்னிரண்டு கணக்குகளும் ஒரே நேரத்தில் இதைச் செய்தால் பள்ளியின் மெல்லிய இணைப்பு திணறும் என்பதால், அமைப்பில் தானியங்கு பதிவிறக்கத்தை நிறுத்திவிட்டு, வகுப்பு இல்லாத நேரத்தில் இறக்கிக்கொள்ளுங்கள். கியோஸ்க் முறையில் துவக்கினால் வெளியேறும் பொத்தானும் அமைப்புப் பொத்தானும் மறைந்துவிடும். சின்ன வகுப்புகளுக்கு அதுவே நிம்மதி.

பில் கெண்ட்ரிக் 2002இல் வெளியிட்ட டக்ஸ் பெயின்ட் வரைவதற்கு. இதற்குத் தமிழ் இடைமுகம் இருக்கிறது. சர்வரில் உள்ள அதன் பொது அமைப்புக் கோப்பில் முழுத்திரை, தமிழ் மொழி ஆகியவற்றோடு பிரின்ட்டிலே என்ற வரியையும் மறக்காமல் சேருங்கள். ஒரு முறை அச்சிட்ட பிறகு எத்தனை நொடி கழித்து மறுபடி அச்சிட அனுமதிப்பது என்பதை அது தீர்மானிக்கிறது. அச்சுப்பொறியின் படத்தைச் சொடுக்கினால் அடுத்த அறையில் தாள் வருகிறது என்று ஒரு பிள்ளை கண்டுபிடித்த நாளில் ஒரே பூனைப்படம் பதினான்கு தாளில் வந்து விழுந்ததைப் பார்த்த பிறகு, நான் 300 நொடி என்று வைத்திருக்கிறேன்.

கூட்டல் கழித்தலுக்கு டக்ஸ்மேத், ஐந்தாம் வகுப்பில் நிரலின் முதல் சுவைக்குக் கேடர்ட்டில். தமிழில் தட்டச்சு செய்ய தமிழ்99 விசைப்பலகையை மட்டும் வைத்து மற்றவற்றை நீக்கிவிடுவது என் யோசனை. ஆங்கில எழுத்தை வைத்துத் தமிழைத் தட்டும் முறை, ஆங்கிலம் எழுதத் தெரிந்த நமக்கு எளிது. தமிழ் எழுத்துகளை இப்போதுதான் கற்கிற பிள்ளைக்கு க என்ற விசையும் அ என்ற விசையும் நேரடியாகக் கிடைப்பதே எளிது.

இணையம் சரியில்லாத பள்ளியில் கிவிக்ஸ் பெரிய உதவி. தமிழ் விக்கிப்பீடியாவை ஒரே கோப்பாக இறக்கிச் சர்வரில் வைத்து, கிவிக்ஸ் சர்வ் வழியாகப் பரிமாறினால், எல்லாக் கணினிகளும் இணையம் இல்லாமலே பிரவுசரில் படிக்கலாம். அந்தக் கோப்பை இமேஜுக்குள் சேர்ந்துவிடாத இடத்தில் வையுங்கள், இல்லையெனில் இமேஜ் வீணாகப் பருத்துவிடும்.

வகுப்பு நடக்கும்போது

எபோப்டெஸ் என்பது கிரேக்கத்தில் மேற்பார்வையாளர் என்று பொருள்படும் சொல். சர்வரில் அதைத் திறந்தால் எல்லாப் பிள்ளைகளின் திரைகளும் சிறு படங்களாக வரிசையில் தெரியும். ஆசிரியர் தன் திரையை எல்லாருக்கும் காட்டலாம், எல்லாத் திரைகளையும் பூட்டலாம், மணி அடித்ததும் எல்லாவற்றையும் ஒரே சொடுக்கில் அணைக்கலாம். ஆசிரியரின் கணக்கு எபோப்டெஸ் என்ற குழுவில் சேர்க்கப்பட்டிருக்க வேண்டும். அதைச் சேர்த்த பிறகு அவர் ஒருமுறை வெளியேறி உள்நுழைய வேண்டும். விளக்கம் சொல்லும்போது பூட்டுவதற்கு இதை அளவோடு பயன்படுத்துங்கள். பாதி வரைந்த யானையோடு திரை கருத்துப்போனால், அந்தப் பிள்ளை அதன் பிறகு நீங்கள் சொல்லும் எதையும் கேட்காது.

மின்சாரம் போய் வந்தால் வரிசை முக்கியம். யுபிஎஸ் தாங்காமல் சர்வரும் அணைந்திருந்தால், கிளையன்ட்டுகள் தாமாக மீளும் என்று காத்திருக்க வேண்டாம். எல்லாவற்றையும் அணைத்துவிட்டு, முதலில் சுவிட்சையும் சர்வரையும் போட்டு, சர்வரின் உள்நுழைவுத் திரை வரும் வரை பொறுத்திருந்து, பிறகு கிளையன்ட்டுகளை நான்கு நான்காகப் போடுங்கள்.